அறுபத்தெட்டு சதவீதக் குற்றம்

மற்ற இடங்களில் திருட்டைக் கண்டுபிடித்தால் மாலை போடுவார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் கண்டுபிடித்தால் மொட்டைக் கடிதம் போடுவார்கள். திருச்சியில் எங்கள் நூலகத்தின் டிஜிட்டல் பிரிவில் இருக்கிறேன். டாக்டர் பட்டத்துக்கு வரும் ஆய்வேடு ஒவ்வொன்றையும் சாப்ட்வேரில் ஓட்டி, எவ்வளவு காப்பி என்று பார்க்க வேண்டும். பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சான்றிதழ் கொடுத்து, உலகமே படிக்கும்படி இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். உதவிக்கு ஷகிலா பானு இருக்கிறார். எந்த ஊரிலாவது இதே நாற்காலியில் குப்பை கொட்டும் சகபாவிகளே, போன பங்குனியில் ஒரு வாரம் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

பூஜ்யம்

திங்கட்கிழமை காலையில் வைதேகி வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். பாசுரங்களுக்குப் பழைய ஆச்சாரியர்கள் எழுதிய உரைகளைப் பற்றி ஏழு வருட ஆராய்ச்சி. இரண்டு முறை நீட்டித்த பதிவுக் காலம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு முடிகிறது. அதற்குள் என் சான்றிதழோடு ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் எல்லாம் ரத்து. ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்துகிறார்; பட்டம் இல்லையென்றால் ஜூனில் வரவேண்டாம் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

சாப்ட்வேர் பூஜ்யம் காட்டியது. வைதேகி இருந்த இடத்திலேயே பெருமாளை நினைத்துக் கைகூப்பினார். எனக்கோ நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெருமாளே எழுதினாலும் பூஜ்யம் வராது! கோப்பைத் திறந்தேன். பழைய தமிழ் ஃபான்டில் அடித்திருந்தார். நம் கண்ணுக்குத் தமிழ். மெஷினுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளின் குவியல். இப்படியே களஞ்சியத்தில் ஏற்றினால் யார் தேடினாலும் ஒரு வார்த்தை அகப்படாது. நாளைக்கு எவனாவது கிளறினால் பட்டமே பறிபோகும். யூனிகோடுக்கு மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும் என்றேன். உடன் வந்திருந்த அவருடைய கைடு, மூத்த பேராசிரியர், எரிந்து விழுந்தார்.

"பூஜ்யம் வந்தா பூஜ்யம்னு கையெழுத்துப் போட வேண்டியதுதானே? உங்களை யாருங்க அதைத் திறந்து படிக்கச் சொன்னது?"

சொந்த வார்த்தை

யூனிகோடுக்கு மாற்றி ஓட்டியபோது அறுபத்தெட்டு சதவீதம். திரை முழுக்கச் சிவப்பு. கைடு வகுப்பு இருக்கிறது என்று நழுவிவிட்டார். வைதேகியின் முகத்தில் ரத்தமே இல்லை.

பிரச்சினை புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கம் பக்கமாக ஆச்சாரியர்களின் வரிகள்; ஆனால் எங்கேயும் மேற்கோள் குறி இல்லை. அந்த உரைகளின் வழக்கமே அப்படித்தானாம். 'என்றபடி' என்றோ 'என்கை' என்றோ வந்தால் மேற்கோள் முடிந்தது என்று அர்த்தம். எங்கே தொடங்கியது என்பது படித்தவர்களுக்குத் தானாகத் தெரியும். மெஷின் எந்த ஆச்சாரியரிடம் பாடம் கேட்டது? குறி போட்டு அடிக்குறிப்பும் கொடுத்திருந்தால் அவற்றைக் கழித்துவிடலாம். ஏழு வருடத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். கைடு அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்து 'பேஷ்' என்பாராம், அவ்வளவுதான்.

எனக்குக் கோபமான கோபம். அந்தக் கோபத்தில், எல்லோருக்கும் செய்கிற உபதேசத்தை இவருக்கும் செய்தேன்: படியுங்கள், புரிந்துகொள்ளுங்கள், பிறகு சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அவர் பதறிப் போனார்.

"ஆச்சாரியாள் வார்த்தையிலே ஒரு அக்ஷரம் மாத்தினாலும் அபசாரம் சார். சொந்தமாச் சொல்றதுதான் எங்களுக்குத் தப்பு."

வெள்ளை எழுத்து

மறுநாள் வாசல் பெஞ்சில் வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செந்தில். கைலாசபுரத்திலிருந்து வரும் இன்ஜினியர், பகுதிநேர ஆராய்ச்சி. பரோபகாரி. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு எழுத்தைப் போட்டுவிட்டால் கண்ணுக்கு வெற்றிடம், மெஷினுக்கு உலகத்திலேயே இல்லாத ஒரு நீள வார்த்தை. அறுபத்தெட்டு மூன்றாகிவிடும் என்று ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

வைதேகி நேராக என்னிடம் வந்து, "அப்படிப் பண்ணலாமோ சார்?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் போனால் இவர் அதையும் செய்துவிடுவார். நான் போட்ட சத்தத்தில் வாசிப்பு அறையே திரும்பிப் பார்த்தது. வரிசையில் அடுத்து இருந்தது செந்திலின் ஆய்வேடுதான். அதை எடுத்துத் தனியாக வைத்தேன், வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு நிறம் கொடுத்துப் பார்ப்பதற்காக. பின்னாலேயே வந்து நின்ற செந்தில் அசரவில்லை.

"பண்ணலாம்னுதானே சொன்னேன், நான் பண்ணியிருக்கேன்னு எங்க சார் சொன்னேன்?"

ராகம்

முந்நூறு பக்கத்துக்கும் குறி போடுவது ஒன்றுதான் வழி. ஆனால் எங்கே தொடங்குகிறது என்பது வைதேகிக்கு மட்டுமே தெரியும். அவருக்கோ டைப்பிங் ஆமை வேகம். "நீங்க படிங்கக்கா, நான் போடுறேன்" என்று பானு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பானுவுக்கும் பாசுர உரைக்கும் அதுவரை ஒரு சம்பந்தமும் கிடையாது.

வைதேகி படிக்க ஆரம்பித்தார். ஆச்சாரியர் வார்த்தை வந்தால் அவர் குரல் தன்னால் இழுத்து, ராகமாகப் போகும். தன்னுடைய வரி வந்தால் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி தட்டையாகிவிடும். அதை அவர் அறியவே இல்லை. பானு பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். ராகம் ஏறினால் குறியைத் திற, இறங்கினால் மூடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தேன். புதன் போயிற்று. வியாழன் மத்தியானம் ஒரு அத்தியாயம் பாதியில் வைதேகி நிறுத்திவிட்டார். திரையில் நீள நீளமான மேற்கோள்கள். நடுவில் இரண்டு வரி, மூன்று வரி. "ஏழு வருஷத்திலே இவ்வளவுதானா சார் என்னோடது?" என்றார். பானு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அக்கா, ராகம் இல்லாத இடம் வந்தாத்தான் எனக்கு என்ன சொல்றாங்கன்னே புரியுது. நிறுத்தாம படிங்க."

பதினான்கு

வெள்ளிக்கிழமை சர்வர் உயிரை வாங்கியது. மத்தியானம்தான் அறிக்கை வந்தது. பதினான்கு சதவீதம். பத்துக்கு மேல் நான்கு! ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மிச்சம் முழுவதும் ஒரே இடத்தில், ஆய்வேட்டிலேயே சிறந்த அத்தியாயத்தில். எல்லாம் வைதேகியின் சொந்த வாதம். அது முன்பே ஒரு ஆய்விதழில் கட்டுரையாக வந்திருக்கிறது. ஆசிரியர் பெயர்: முதலில் கைடு, அப்புறம் வைதேகி. எனவே மெஷின் கணக்கில், வைதேகி கைடிடமிருந்து திருடிவிட்டார்!

இதற்கும் விதியில் வழி உண்டு. கட்டுரை ஆய்வாளருடைய சொந்த எழுத்து என்று கைடு எழுதிக் கொடுத்தால் கழித்துவிடலாம். 'இக்கட்டுரை முழுவதும் வைதேகி எழுதியது' என்று ஒரு வரி அடித்து வைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன். மூன்று மணிக்கு மேல் வந்தார். படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். "ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினோம்னு போட்டுக்கலாமே" என்றார். அப்படிப் போட்டால் கழியாது சார், பதினான்கு பதினான்காகவே நிற்கும் என்றேன். வைதேகிக்கு வேலை போய்விடும் சார் என்று கெஞ்சினேன். பானு நூலகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அசையவில்லை.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் அவர் கையெழுத்துப் போட்டார். ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. என் கெஞ்சலுக்காகப் போடவில்லை. அதுவரை அவர் முன்னால் உட்காரக்கூடத் தயங்கிய வைதேகி, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் இதைச் சொன்னதற்காகப் போட்டார்:

"நான் யார் வார்த்தையை எடுத்துண்டாலும் அவா பேரைச் சொல்லிட்டுத்தான் சார் எடுத்துண்டேன். நீங்களும் என் பேரைச் சொல்லிடுங்கோ."

'இதில் எவ்வளவு உங்கள் சொந்த எழுத்து?' என்று ஊரையே கேட்டுச் சம்பளம் வாங்கும் இந்த உத்தியோகத்தில், நான் இதுவரை சொந்தமாக எழுதியது என் கையெழுத்து ஒன்றைத்தான்.