சின்னம்மாவுக்குத் தமிழில் ஒரு கணினி

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒரு பழைய கணினி பிடித்துக்கொண்ட காலம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். எல்லாம் சின்னம்மாவுக்காக. அம்மாவின் தங்கை, கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்துவிட்டவர். இளம் வயதிலிருந்து பத்து பெரெண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் இருந்த பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றப்போவதாகத் திடீரென்று அறிவித்தார்கள். கிடங்கு மட்டும் இங்கே இருக்குமாம். கணினியில் சரக்குப் பதியத் தெரிந்தவர்களுக்கு அங்கே இடமுண்டு, அதற்கு ஒரு சோதனை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பதைத் தாண்டிய, தமிழ்த் தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

கணினியில் எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. எல்லா இடத்திலும் விண்டோஸ்தான், அதையே போடுவோம் என்றேன். அப்பாவுக்குத் தமிழ் என்றால் உயிர். யாரோ நண்பர் கொடுத்ததென்று ஒரு குறுந்தட்டோடு வந்தார். அதில் லினக்ஸ், திரையில் வருவதெல்லாம் தமிழ். கடைசியில் இரண்டையும் போட்டுச் சின்னம்மாவையே உட்கார வைத்தோம். ஆங்கிலத்தில் இருந்த விண்டோஸ் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழ்த் திரை வந்ததும் கோப்பு, திற, சேமி, மூடு என்று வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"இத்தனை வருஷமா மெஷின்ல என்ன எழுதியிருக்குன்னு யாரையாச்சும் கேட்டுக் கேட்டுத்தான் வேலை செஞ்சேன்மா. இது ஒண்ணுதான் என்கிட்டயே பேசுது. இதுவே இருக்கட்டும்."

அப்பாவின் முகத்தில் அப்படியொரு பெருமை. புரிந்து படித்தால் எந்தக் கணினியும் வசப்படும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னம்மா உண்மையிலேயே புரிந்துதான் படித்தார். வீட்டு மளிகைச் சாமான் முழுவதையும் அட்டவணையாக்கிவிட்டார். உப்புக்குக்கூட ஒரு வரிசை. அவரோடு வேலை செய்த பெண்கள் ஆங்கிலத் திரையிலேயே வேறு மாதிரி பழகினார்கள். யாரோ ஒருத்தியின் மகள் சொல்லிக்கொடுத்தபடி, மேலே இடது மூலையில் அமுக்கு, அப்புறம் கீழே போ என்று சந்தைக்கு வழி பழகுவதுபோல் பழகினார்கள். ஒரு சொல்லையும் படிக்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அமுக்குவீங்க என்று சின்னம்மா அவர்களைக் கிண்டல் செய்வாராம்.

சோதனையன்று திரை ஆங்கிலத்தில் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று சின்னம்மாவுக்குத் தெரியும். அது எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. மற்ற பெண்கள் தேறினார்கள். அப்பா தொழிற்சாலைக்கே போய் இன்னொரு வாய்ப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவரிடம் சின்னம்மாதான் சமாதானம் சொன்னார்.

"விடுங்க அத்தான். நான் நல்லாத்தான் படிச்சேன். அங்க புரிஞ்சவங்க வேணாமாம், அமுக்கத் தெரிஞ்சா போதுமாம்."

இன்றைக்குக் கைப்பேசியெல்லாம் தமிழ் வேண்டுமா என்று தானே கேட்கிறது. பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ சின்னம்மாவின் சோதனைத் திரைதான் ஞாபகம் வருகிறது.

சின்னம்மா குருபோங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை கேட்டார், தெங்கேராவில் ஒரு துணிக்கடையில் கேட்டார், எங்கேயும் அமையவில்லை. கடைசியில் துப்புரவுக் குத்தகைக்காரர் ஒருவர் சேர்த்துக்கொண்டார். அனுப்பியது அதே கிடங்குக்கு. முதல் நாள் வேலை முடிந்து வந்தவரிடம் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டார். பெரிய கஷ்டமில்லை, தரையும் கழிவறையும்தான் என்றார் சின்னம்மா. கணினி மேசைப் பக்கம் மட்டும் போகக் கூடாதாம். தெரியாதவர்கள் கைபட்டால் ஏதாவது கெட்டுப்போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு, குழம்பு சூடாக இருக்கிறதா என்று கேட்டார்.