சீனாவுக்காக மன்னிப்புக் கேட்ட பிள்ளை

இன்று நொர்வேயில், லோறென்ஸ்கூக் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றை நான் அவமதித்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு நொர்வேஜியப் பெண் மாரித் சீனாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வளர்க்கும் மகள் அவள். அப்படித் தத்தெடுத்த குடும்பங்கள் கூடிய சீனப் புத்தாண்டு விழாவுக்குப் போய்விட்டுத் தாயோடு வந்தாள். தானே செய்த சிவப்புக் கடதாசி விளக்குக்கூட்டை எனக்கு ஆசையாகக் காட்டினாள்.

நான் வன்னிப் போர்ச் செய்தி கேட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தேன். "உன்ர நாடு குடுக்கிற குண்டாலதான் எங்கட சனம் சாகுது" என்று நொர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டேன்.

அவள் தாயைப் பார்த்தாள். கூட்டை மடித்து மடியில் வைத்தாள். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பக்கத்தில் இருந்த என் மனைவி தமிழில் சீறினாள்: "ஏனப்பா, இந்தப் பிள்ளையோ குண்டைக் கப்பலில ஏத்தி அனுப்பினது?"

சீனா மீதான கோபத்தில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சீன அரசு. தூதரகத்தின் முன்னால் நின்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள். நாளை மாரித்தின் வீட்டு மணியை அடித்து மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அந்தப் பிள்ளை கூட்டை விரித்துத் தொங்கவிட்டால் போதும்.

"ஐயா சொன்னதில் என்ன பிழை?" என்று இந்தப் பதிவின் கீழே கருத்து எழுத வருபவர்கள், முதலில் என் மனைவியின் கேள்விக்குப் பதில் எழுதவும்.