கத்தத் தெரியாத ஊரில் மெர்வி

கம்ப்யூட்டர் உலகில் கிளவுட், மேகம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்த மேகம் வானத்தில் ஒன்றும் இல்லை. பின்லாந்தில் ஹர்யுலா ஊரின் ஏரிக்கரையில், பழைய காகித ஆலைக்குள் இருக்கிறது. வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர் பெட்டிகள் ராப்பகலாகக் கரன்ட் தின்றுகொண்டிருக்கின்றன. அவை விடும் சூட்டைக் குழாயில் பிடித்துக் குளிர்காலத்தில் ஊர் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான். அங்கே வேலை பார்க்கும் மெர்வி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "வெட்டியா எரியிற அடுப்புல குளிர் காயறது ஒரு சாமர்த்தியமா?" என்பாள்.

வெட்டி அடுப்புகளைத் தேடி அணைப்பதுதான் அவள் வேலை. யாரோ எதற்கோ வாடகைக்கு எடுத்துவிட்டு மறந்துபோன பெட்டிகள் அங்கே ஏராளம். அவை தின்கிற கரன்ட்டுக்கு எங்கோ ஒரு புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தாலே அடுத்த வீட்டில்கூடப் போய் அணைத்துவிட்டு வருகிறவள் மெர்வி. அவளுக்கென்றே வாய்த்த வேலை.

யாருடையது என்று தெரியாத பெட்டிக்கு அந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. ஒரு மாதம் ஒருவரும் கத்தாவிட்டால் உள்ளே இருப்பதைத் துடைத்துப் பெட்டியைக் கழற்றிவிடலாம்.

மே மாதக் கடைசியில் அப்படி ஒன்றை அணைத்தாள். பறவைப் பிரியர் சங்கம் என்று பேர் போட்டிருந்தது. அந்தச் சங்கம் கலைந்து எத்தனையோ வருஷமாகிறது. கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. அணைத்த பிறகும் ஒருவரும் கத்தவில்லை.

ஜூனில் ஒருநாள் காபி நேரத்தில் வாசல் காவல்காரன் கிம்மோ மெல்லச் சொன்னான்.

"மெர்வி அக்கா, ஒரு பெரியவர் தினமும் காலை பஸ்ல வந்து எதிர்ல மரத்தடியில நிக்கிறாரு. மத்தியான பஸ்ல போயிடறாரு."

"என்ன வேணுமாம்?"

"அவரு சொல்லல. நேத்து மழை, நனைஞ்சுட்டாரு. காபி கொண்டுபோய்க் கொடுத்தேன், குடிச்சாரு."

"காபி குடுக்கத் தெரியுது, என்னன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா?"

"அவரா சொல்லாம நாம எப்படிக்கா கேக்கறது?"

அதுதான் அந்த ஊர். பல்லைப் பிடுங்கினாலும் முனகாத சனங்கள். மெர்வி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே போனாள்.

பெரியவர் பேர் அர்மாஸ். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தொந்தரவு பண்ண வரலம்மா."

"பரவாயில்ல, பண்ணுங்க."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கதை. ஏரித் தீவில் உயரமான பைன் மரம். அதன் உச்சியில் விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகுக்கு அவர்தான் ஒருகாலத்தில் ஏறிப் பலகை கட்டிக் கூடு வைத்தார். இப்போது முட்டி விட்டுவிட்டது, படகு வலிக்க முடியாது. பறவைச் சங்கம் வைத்த கேமரா இந்த ஆலைப் பெட்டி வழியாக அனுப்பும் படத்தில் தினம் காலைக் கஞ்சியோடு கூட்டைப் பார்ப்பார். திடீரென்று திரை கறுத்துவிட்டது.

"யுஹன்னுஸ் கோடைப் பண்டிகைக்குள்ள குஞ்சு வந்துடும்மா."

"ஒரு போன் போட்டுக் கத்தியிருக்கலாம்ல?"

"நான் ஒருத்தன் பாக்கறதுக்கு ஒரு மெஷினான்னு யோசிச்சேன். நீங்க நிறுத்தினது நியாயம்தான்."

"அப்புறம் எதுக்கு வந்து நின்னீங்க?"

பெரியவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நியாயம்தான்… ஆனா மூணு முட்டைம்மா."

மெர்வி அந்த ஊரிலேயே பிறந்தவள். இங்கே சத்தம் வராவிட்டால் ஆளில்லை என்று எப்படி நினைத்தாள்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிடிவாதக்காரி.

"அந்தப் பெட்டிய நான் திரும்பப் போட மாட்டேன்."

அர்மாஸ் தலையாட்டிவிட்டுத் தொப்பியை மாட்டப் போனார்.

"நில்லுங்க, முழுசாக் கேளுங்க. ஒரு ஆளுக்குத் தனியா பஸ் விடுவாங்களா? நாலு பேரோட ஒரே பஸ்ல உங்க பறவையையும் ஏத்தி விடறேன்."

சொன்னபடி செய்தாள். நூலகமும் தேவாலயமும் ஏற்கெனவே குடியிருந்த ஒரு பெட்டியில் கேமராவுக்கும் மூலை கொடுத்தாள். யாராவது பார்த்தால் விழிக்கும், பார்க்காத நேரம் தூங்கும். பண்டிகைக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. அர்மாஸை உள்ளே கூட்டிவந்து, ஏலக்காய் ரொட்டியும் காபியும் வைத்து, திரையைத் திருப்பினாள்.

தாய்ப்பறவை எழுந்து நகர்ந்தது. கீழே பஞ்சுபோல இரண்டு தலைகள் ஆடின. மூன்றாவது இன்னும் முட்டையாகவே இருந்தது.

"ரெண்டு," என்றார் அர்மாஸ். அந்த ஊரில் அது பெரிய பேச்சு. காபி ஆறியது, அவர் தொடவில்லை.

அதற்கப்புறம் எந்தப் பெட்டியை அணைத்தாலும் மெர்வி வாசலுக்குப் போய் எதிர் மரத்தடியை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

ஜூலையில் ஒரு காலை. போன் அலறியது.

"என்னம்மா பண்றீங்க அங்க! படம் போச்சு! வெள்ளையா நிக்குது! நான் கஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

மெர்வி படத்தைத் திறந்து பார்த்தாள். சிரிப்பு பொங்கியது.

"ஒண்ணும் ஆகல பெரியவரே. உங்க குஞ்சு ஒண்ணு கேமரா மேல எச்சம் போட்டிருக்கு. மழை பெஞ்சா போயிடும்."

அந்தப் பக்கம் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மன்னிச்சுக்கம்மா. கத்திட்டேன்."

"கத்துங்க பெரியவரே, நல்லாக் கத்துங்க," என்றவள் போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"கிம்மோ! கத்திட்டாருடா!"

"யாரு, அவரா?"

"அவரேதான்!"

கிம்மோ நம்பவில்லை.