மச்சான் பிடித்த கயிறு

பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். கடற்கரையில் வெள்ளையாக ஏதோ நடந்து போனது என்று அலறிக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரியை, போய் முகத்தைக் கழுவு என்று துரத்தியவள் நான், எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், சிரிப்பதென்றால் நான் முடித்த பிறகு சிரியுங்கள்.

என் புருஷன் சுழியோடி. கடலட்டைக்கும் சங்குக்கும் கடலடிக்கு இறங்குவார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இவர் கீழே போக, வள்ளத்தில் இருந்து அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என் அண்ணன். எங்கள் ஆட்கள் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தங்கச்சி விதவையாவதைப் பார்க்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது, அதனால் செத்தாலும் கை விடமாட்டான், அதுதான் அதன் நியாயம். கீழிருந்து இழுத்தால் மேலே தூக்க வேண்டும். இத்தனை வருடமும் நான் நிம்மதியாகச் சோறு ஆக்கியது அந்தக் கையை நம்பித்தான்.

அன்றைக்குக் கடும் காற்று, கடலுக்குப் போகவில்லை. இஞ்சினுக்கு ஏதோ சாமான் வாங்கவென்று மூன்று பேரும் மன்னார் டவுனுக்குப் போனோம். கடை பூட்டு, பஸ்ஸும் இல்லை, வெயிலோ கழுதைகள்கூட மதில் நிழலைவிட்டு அசையாத வெயில். பக்கத்தில் அரசாங்கத்தின் சின்ன நூதனசாலை, பழைய சாமான்களை வைத்திருக்கிற மியூசியம். உள்ளே ஃபேன் இருக்கும் என்றுதான் போனோம், சரித்திரம் படிக்க இல்லை.

இரண்டே அறை. உடைந்த பானை, செப்புக் காசு, கை போன சாமி சிலை. காவலுக்கிருந்த பெண் கதிரையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் ஒரு கல் கிடந்தது, முத்துக் குளிக்கிற காலத்தில் காலை வைத்து இறங்கிய கல். அதன் துளையில் கயிற்றுத் துண்டொன்று கட்டியிருந்தது, ஒரு முழம்கூட வராது. கயிற்றைக் கண்டால் அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? குந்தியிருந்து நுனியைப் பிடித்தார்.

"மச்சான், இறங்குறியோ? நான் பிடிக்கிறன்" என்று இவரைப் பார்த்துக் கத்தினார்.

இவர் அடுத்த அறை வாசலில் காசுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திரும்பாமலே, "ஓம் ஓம், இறங்கியிட்டன்" என்றார்.

நான் சிரித்தேன். ஆண்டவர் அறிய, சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். அண்ணனின் கைகள் வெடுக்கென்று கீழே போயின. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன், பிறகு முகத்தைப் பார்த்தேன், அது பகிடி விடுகிற முகம் இல்லை. அந்த ஒரு முழக் கயிறு அவர் கைகளுக்குள்ளால் ஓடுகிறது, ஓடுகிறது, முடியவே இல்லை, நம்பினால் நம்புங்கள். "ஐயோ மாதாவே" என்று அலறிக்கொண்டு விட்டுவிட்டார்.

பின்னால் தொப்பென்று சத்தம். இவர் நிலத்தில் கிடந்து இருமுகிறார், வாயாலும் மூக்காலும் தண்ணீர். காவல்காரி எழும்பி வந்து, "இதென்ன உங்கட வீடே? தொடவேண்டாம் எண்டு எழுதியிருக்கெல்லோ!" என்று எங்கள்மேல் பாய்கிறாள். நான் சேலைத் தலைப்பால் இவர் முகத்தைத் துடைத்தேன். துடைத்த இடம் காய்ந்தபோது உப்புப் பூத்திருந்தது.

இவர் எழும்பி உட்கார்ந்து அண்ணனையே பார்த்தார். "எத்தினை தரம் இழுத்தனான், மச்சான்? விட்டிட்டாய், என்ன?"

அண்ணன் விறுவிறென்று வெளியே நடந்தார். பஸ்ஸில் தனியாகப் போய் முன்னுக்கு இருந்தார்.

அதோடு இவர் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கயிற்றுக்கு வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னேன், அதற்கும் இல்லை. அண்ணனுக்கோ வெட்கம், முகம் கொடுத்துப் பேச முடியாத வெட்கம். கடைசியில் அவரே வந்து, "நான் இறங்குறன், நீ பிடி" என்றார். இவர் உடனே ஓம் என்றார், கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அந்த வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்தேன். "அண்ணை, இவர் உங்கட கயிற்றைப் பிடிக்கிற ஆளில்லை. அண்ணியின்ர தம்பியைக் கூப்பிடுங்கோ."

"அவன் பிரான்சில இருக்கிறான். கயிறு அவ்வளவு தூரத்துக்கு எட்டாதடி" என்று சிரித்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் சிரித்ததே அன்றைக்குத்தான்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒரு நாள், காற்றுமில்லை, அலையுமில்லை, தட்டுப் போலக் கிடந்தது கடல், வள்ளம் வழமையைவிட நேரத்தோடு திரும்பி வந்தது. அண்ணனை உள்ளே கிடத்தி, இடுப்புச் சாரத்தால் மூடியிருந்தது.

அண்ணி இவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவன் இழுக்கவே இல்லை" என்றார் இவர். பொலிசிலும் அதையே சொன்னார், பங்குச் சுவாமியாரிடமும் அதையே சொன்னார். நான் கேட்டபோது அந்தோனியார் படத்தில் கை வைத்துச் சொன்னார். குரல் நடுங்கவில்லை. ஊரே நம்பியது, நானும் நம்பத்தான் பார்க்கிறேன், இந்த வீட்டில் இவரோடுதானே இருக்க வேண்டும்.

ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் பாயில் கண்ணயர்வார். நான் பக்கத்தில் இருந்து அரிசி புடைப்பேன். தூக்கத்தில் இவருடைய இரண்டு கையும் ஒன்றாய்ப் பொத்திக்கொள்ளும். பிறகு யாரோ அந்தப் பக்கத்தில் இருந்து பிடித்து இழுப்பதுபோல வெடுக் வெடுக்கென்று போகும், தோள்மூட்டுவரை போகும், பாயே நகரும். இவர் முழிக்க மாட்டார். ஆறுதலாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக, கையை விரிப்பார்.