முப்பது நாள் சாப்பாட்டுச் சீட்டு

நெடுநாள் காய்ச்சலுக்குப் பின் காற்று மாறினால் நலம் என்று வைத்தியர் சொன்னதால், சென்ற பங்குனியில் என் தந்தையைப் பூந்தமல்லிக்கு அருகில் ஓர் ஆரோக்கிய விடுதியில் சேர்த்தோம். மாதம் முழுவதற்கும் சாப்பாட்டுச் சீட்டை முன்பணம் கட்டி வாங்கலாமா என்பதை, கலாசாலையில் படிக்கும் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"சீட்டு இன்னாத்துக்கும்மா? காட்டுப்பாக்கத்துலேர்ந்து நானே ஆக்கிக் கொண்ணாறேன்" என்றாள் அம்மா.

"இந்த வெயில்ல தெனம் நடப்பியாம்மா?" என்று மறுத்து, என் உபகாரச் சம்பளத்தில் சீட்டை வாங்கினேன். விடுதியில் இருந்தது சைவச் சமையலறை. சீட்டு எடுத்தவர்களுக்கு வெளி உணவு வரக் கூடாது என்பது நிபந்தனை. அதைப் படித்தேன், பொருட்படுத்தவில்லை.

எட்டாம் நாள் தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவுங்க சாம்பாரு எறங்கல கண்ணு. உங்கம்மாவ ஒரு நாள் கருவாட்டுக் கொயம்பு வெச்சி எடுத்தாரச் சொல்லேன்."

"சீட்டு முடியட்டும் நைனா. இன்னும் இருபத்திரண்டு நாள்தானே?" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் திரும்பியது. மாலைக்குள் அவர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, "ஒரு வேளையாச்சும் என் கையால போட்டிருப்பேன்டி" என்றாள் அம்மா.

இதைப் படிக்கும் சகோதரிகளே, இப்போதெல்லாம் எந்த உணவு ஏற்பாட்டிலும் விலையையும் விதியையும் பார்க்கும் முன், உண்பவருக்கு என்ன வேண்டுமென்று கேட்கிறேன். அம்மாவையும் தினமும் கேட்கிறேன். "ஒன்னும் வாணாம்" என்கிறாள்.