நெல்லுக்கு விலகியதில் வளைந்த ரிம்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மருதமுனையில் என் வீட்டுப் படலையைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்தேன். நான் கைத்தறி நெய்கிறவள். வெள்ளியில் எங்கள் தறிகள் ஓடுவதில்லை. போக வேண்டிய இடம் பாலமுனை. என் மகன் றிஸ்வான் அங்கே கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழமைப்படி பெண் வீட்டோடு இருக்கிறான். தூரம் இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். கரியரில் நான் நெய்த இரண்டு சாரன், ஒரு கிலோ தொதல் இனிப்பு, பம்ப், ஒரு ஸ்பானர், கல்முனையில் முந்நூற்றைம்பது ரூபாவுக்கு வாங்கிய, சக்கரக் கம்பிகளை முறுக்கும் கம்பிச் சாவி.

படலையில் காக்கா நின்றார். என் கணவர் மௌத்தான பிறகு என் காரியங்களில் கடைசி வார்த்தை தன்னுடையது என்று நினைக்கும் மூத்த சகோதரர்.

"பாதி வழியில நிண்டா கோல் எடு. ஓட்டோவில வந்து ஏத்துறன். மறுகா இந்தச் சைக்கிள வித்துப் போடணும். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதிலும் எனக்கு வாய்தான் முந்தும்.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் சைக்கிள் ஓட்டினோம். அப்போது யாருக்கும் மரியாதை ஞாபகம் வரவில்லை. காக்காவே என் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டி அனுப்பியிருக்கிறார். பெற்றோல் வந்ததும் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளைச் சுவரில் சாத்தினார்கள். நான் சாத்தவில்லை, சாத்தும் எண்ணமும் இல்லை.

ஏழு ஐம்பதுக்குக் கல்முனைச் சந்தை. பஸ்களும் மீன் வண்டிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதால் இறங்கி உருட்டினேன். எட்டு பத்துக்குச் சாய்ந்தமருது, எட்டரைக்குக் காரைதீவுச் சந்தி. நிந்தவூரில் ஒன்பது மணிக்கு ஒரு கடையில் பிளேன்டீ குடித்தேன், ஐம்பது ரூபா. எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்த கடைக்காரர், பஸ்ஸுக்குக் காசு இல்லையா என்று உண்மையான கவலையோடு கேட்டார். "பஸ்ஸுக்கும் காசிரிக்கி, ஓட்டக் காலும் இரிக்கி" என்றேன். அவர் என் பிளேன்டீயில் இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

களியோடைப் பாலத்தைத் தாண்டியபோது பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. ஒலுவிலுக்கு அப்பால் தார்ரோட்டின் ஓரம் நெடுக நெல் காயப் போட்டிருந்தார்கள். வாகனம் ஏறாமலிருக்க நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கி வைப்பது இங்கே வழக்கம். பத்து முப்பத்தைந்துக்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடி வந்தது. வலப்பக்கம் பஸ், இடப்பக்கம் நெல். நெல்லுக்குள் இறங்கியிருந்தால் எனக்கும் ஒன்றுமில்லை, சைக்கிளுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் சோற்றை மிதிக்காதே என்று வளர்க்கப்பட்ட காலும் கையும் அந்த நேரத்தில் என்னைக் கேட்கவில்லை. ஹேண்டிலைத் திருப்பி நேராகக் கல்லில் ஏற்றினேன். ஏற்றி, கடைசியில் அந்த நெல்லின் மேலேயே விழுந்தேன்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டார். சிதறிய நெல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் முன் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிம் போயிட்டு ராத்தா. புதிசுதான் போடணும். ஓட்டோ ஒண்டு கூப்பிடவா?"

அந்த ஓட்டோ என்ற சொல் முழங்கால் காயத்தைவிட எரிந்தது. வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு, சுற்றச் சுற்ற ஃபோர்க்கில் சிக்கிய முன் சக்கரத்தை ஹேண்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டு கிலோமீற்றருக்குக் குறையாது. வழியில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே போனேன், அழுகை வந்துவிடும் என்ற பயத்தில்.

பதினொன்றே காலுக்குச் சம்பந்தி வீடு. மாப்பிள்ளையின் உம்மா வருகிறாள் என்றால் ஓட்டோவில் வந்திறங்க வேண்டும், கதிரையில் உட்கார்ந்து சர்பத் குடிக்க வேண்டும். நான் நெல் உமியோடு, கோணல் சைக்கிளோடு நின்றேன். ஹபீபா மதினி, என் மருமகளின் உம்மா, ஒன்றும் கேட்காமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவச் சொன்னார். றிஸ்வானின் முகம்தான் கறுத்துவிட்டது. ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் வெள்ளியில் கடை திறப்பதில்லையாம். "ஜும்ஆ முடிஞ்சி வந்து ஓட்டோ புடிச்சித் தாறன் உம்மா. சைக்கிளயும் மேல கட்டிரலாம்" என்றான். பன்னிரண்டுக்கு அவனும் அவனுடைய மாமனாரும் தொழப் பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் திரும்புவதற்கு ஒரு மணித்தியாலம் இருந்தது.

சக்கரத்தைக் கழற்றி, டயரையும் டியூபையும் உரித்தேன். மதினியின் அடுத்த மகளுக்கு வீடு கட்டக் குவித்திருந்த கற்களில் இரண்டை எடுத்து வைத்து, ரிம்மின் புடைத்த பக்கம் மேலே வரக் குறுக்கே கிடத்தினேன். மேலே ஏறி நின்றேன். அசையவில்லை. குதித்தேன், அப்போதும் அசையவில்லை. ஹபீபா மதினி சர்பத் தட்டோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கனமான மனிதி, நடப்பதே நிதானமாகத்தான். தட்டைக் கற்குவியலின் மேல் வைத்தார்.

"நானும் ஏறவா மதினி?"

சம்பந்திகள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் ரிம்மின் மேல் நின்றோம். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். மூன்றாம் அமுக்கலில் ரிம் படக்கென்று இறங்கியது. முக்கால்வாசி வளைவு போய்விட்டது.

மிச்சத்தைக் கம்பிச் சாவியால்தான் எடுக்க வேண்டும். சக்கரத்தைப் பூட்டி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கில் ஒரு தென்னை ஈர்க்கை நூலால் கட்டினேன். சுழற்றும்போது ஈர்க்கில் உரசும் இடமே கோணல். அந்த இடத்துக் கம்பிகளைத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததையெல்லாம் முறுக்கினேன். தறியில் பழகிய கை, தளர்ந்த இழையைக் கண்டால் இழுக்கத்தான் செய்யும். ஆனால் சக்கரம் முன்னைவிட மோசமாக ஆடியது. இன்னும் முறுக்கினேன், இன்னும் ஆடியது. பாதி நேரம் இப்படியே போயிற்று. சாவியை வீசிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். காக்காவுக்குக் கோல் எடுப்பதா என்றுகூட நினைத்தேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

சர்பத்தைக் குடித்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. தறியில் பாவு இழைகள் எல்லாம் ஒரே தளத்தில் கிடக்கின்றன. சக்கரத்தின் கம்பிகளோ ஒன்று விட்டு ஒன்று வலத்துக்கும் இடத்துக்கும் போகின்றன. ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் அங்கே இடப்பக்கக் கம்பியை முறுக்க வேண்டும், வலப்பக்கத்தை விட்டுக்கொடுக்கவும் வேண்டும். முறுக்கினால் மட்டும் போதாது. மதினி சக்கரத்தைச் சுழற்ற, நான் கால் திருகு முறுக்கி, கால் திருகு தளர்த்தி, மெல்ல மெல்லக் கொண்டுவந்தேன். பள்ளி ஒலிபெருக்கியில் தொழுகை முடிவின் துஆ கேட்டபோது ரிம்மின் ஓரிடத்தில் மட்டும் ஒரு நெல்லளவு ஆட்டம் மிஞ்சியிருந்தது. அது கடைசிவரை போகவில்லை. டியூபையும் டயரையும் மாட்டிக் காற்றடித்தேன்.

ஆண்கள் வந்தார்கள். மூன்று மணிக்கு ஓட்டோ வரும் என்று றிஸ்வான் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் ஹபீபா மதினி பேசினார். அவருடைய கை முழுக்கச் சைக்கிள் கறுப்பு.

"வந்ததிலயே போவாங்க. நீங்க ஓட்டோக்காரருக்கு வேணாண்டு சொல்லுங்க, மகன்."

மாமியின் பேச்சை மறுக்க எந்த மருமகனாலும் முடியாது, அதுவும் மாமி வீட்டில். றிஸ்வான் ஃபோனை எடுத்தான்.

மூன்றரைக்குப் புறப்பட்டேன். கம்பிகள் முனகின. களியோடையிலும் நிந்தவூரிலும் இறங்கி இரண்டிரண்டு கம்பிகளைச் சரிபார்த்தேன். காலையில் ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்த ரோட்டில் இப்போது ஏறி உட்கார்ந்து போனேன். எதிர்காற்று முகத்தில் அடித்தது. உரத்துச் சிரித்தேன், யார் பார்த்தால் என்ன.

பொழுது சாய்ந்து, மஃரிப் பாங்கு முடிந்து சற்று நேரத்தில் என் படலை. காக்கா கையில் ஃபோனோடு அங்கே நின்றார். கோல் வராததில் அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார்.

"இன்னும் கோணல் இரிக்கே."

"ஓம் காக்கா. அந்தக் கோணலோடதான் வந்து சேந்தன்."

இன்னொரு தடவை சுழற்றிப் பார்த்தார். சக்கரம் ஓய்ந்து நின்றதும் ஹேண்டிலை என் கையில் தந்துவிட்டு, எனக்காகப் படலையைத் திறந்து பிடித்தார்.