ட்ராயிங் போர்டும் இரண்டு சிலிண்டர் ஸ்டாண்டும்

காலி சிலிண்டரை எடுக்க வந்தவர் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஸ்டாண்டைக் காலால் லேசாக ஒதுக்கிவிட்டார். எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிற ஸ்டாண்டுதான். வட்டமான இரும்பு, அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள். அது அடுப்படியைத் தாண்டி, ஹாலுக்குள் உருண்டு, பாயில் குப்புறப் படுத்திருந்த என் மகளின் கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் அதைத் தள்ளினாள். அது போனது. எட்டிப் பிடிக்க முடியவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"பாப்பாவும்," என்றாள்.

மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. இரண்டு கால்களும் தவளை மாதிரி விரிந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு குச்சி. அந்தக் கட்டோடு அது நான்காவது வாரம். நான்கு வாரமாக அவள் எங்கேயாவது போகவேண்டும் என்றால் நான் தூக்க வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், பல நாளாகத் தூங்காத என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சிலிண்டர்காரர் கையெழுத்துக்காக நீட்டிய ரசீதின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டேன்.

"மேடம், அது எங்க காப்பிங்க," என்றார் அவர்.

எனக்கு இது புதிதில்லை. யோசனை வந்துவிட்டால் நான் அடங்க மாட்டேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வருடமாக ஒவ்வொரு பருவத்திலும் பந்து-கிண்ண மூட்டு என்று பலகையில் வரைந்து, "நம்ம இடுப்பே இதுக்கு நல்ல உதாரணம்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். என் மகளின் இடது இடுப்பில் அந்தப் பந்து கிண்ணத்துக்குள் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

அவள் நடக்கத் தொடங்கியபோது ஒரு பக்கமாக ஆடி ஆடி நடந்தாள். கொள்ளை அழகு. வீடியோ எடுத்து, ஒரு குத்துப்பாட்டை அடியில் ஓடவிட்டு, ஸ்டேட்டஸ் வைத்தேன். இதயங்கள் வந்து குவிந்தன. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே இருக்கும் வீட்டுக்கார மாமி, "கொழந்தை நடக்கறதே ஒரு நாட்டியம்டிம்மா, பெருமாள் புறப்பாட்டிலே ஆடி ஆடி வராப்ல" என்று கன்னத்தைக் கிள்ளினார். பிசியோதெரபி படித்த பள்ளித் தோழி ஒருத்தி மட்டும் இதயம் போடவில்லை. "இத ஒரு எலும்பு டாக்டர்ட்ட காட்டேன்" என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது.

கோபம் ஆறிக் கூட்டிப்போனபோது, புத்தூரில் எலும்பு டாக்டர் என் போனை வாங்கி, பாட்டை நிறுத்திவிட்டு, வீடியோவை மூன்று தடவை பார்த்தார்.

"இது டான்ஸ் இல்லம்மா. நொண்டுறா," என்றார். "நல்லவேளை, எடுத்து வச்சிருக்கீங்க."

எக்ஸ்ரேயில் எனக்கே தெரிந்தது. தொடை எலும்பின் தலை கிண்ணத்துக்கு வெளியே, கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி நின்றது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அறுவைச் சிகிச்சை செய்து உள்ளே வைக்க வேண்டும். அது அங்கேயே தங்குவதற்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. பிறகு மயக்கம் கொடுத்துக் கட்டை மாற்றி இன்னும் ஆறு வாரம். தங்கினால் நடப்பாள். தங்காவிட்டால்? "தங்கும்னு நெனச்சுத்தான் செய்றோம்," என்றார் டாக்டர். அந்த 'நெனச்சு' அன்றிலிருந்து என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

ஆபரேஷன் அன்று காலையில் அவள் பால் கேட்டாள். கொடுக்கக் கூடாது. எத்தனை மணிக்கு எதை வைத்துக் கவனத்தைத் திருப்புவது என்று கணினியில் அட்டவணை போட்டு அச்செடுத்து வைத்திருந்தேன். பொம்மை, ஜன்னல், மாமாவுக்கு வீடியோ கால், சோப்புக் குமிழி. முதல் இரண்டு வரியிலேயே அட்டவணை செத்துவிட்டது. அதற்கப்புறம் பால், பால், பால் மட்டும்தான். பச்சை உடுப்புப் போட்ட ஒரு நர்ஸ் கையில் அவளைக் கொடுத்தபோது என் துப்பட்டாவின் நுனி அவள் பிடியில் இருந்தது. விரல் விரலாகப் பிரித்து எடுத்தது நான்தான். கணவர் அப்போது வராந்தாவின் கடைசியில் நின்று, வராத ஒரு போனைப் பேசிக்கொண்டிருந்தார்.

கட்டோடு வெளியே வந்தவளைத் தூக்கப் போய்த் தடுமாறினேன். எங்கே கையைக் கொடுப்பது? குச்சியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முதுகின் கீழே ஒரு கை, தொடைக்குக் கீழே ஒரு கை. கட்டு என் கழுத்தெலும்பில் இடிக்கும். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரும்வரை ஆட்டோவில் அவளைக் குறுக்காக மடியில் கிடத்திக்கொண்டேன்; பாலத்து மூட்டுகள் ஒவ்வொன்றிலும் வண்டி குதித்தபோது அவளுக்கு முன்னால் நான் முனகினேன்.

வீட்டில் வேலை ஒரே வட்டம். சின்ன டயப்பரைக் கட்டுக்குள் செருகி, பெரிய டயப்பரை அதற்கு மேலே சுற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மாவுக்கட்டு ஈரம், ஈரமென்றால் நாற்றம், நாற்றமென்றால் முடி காயவைக்கும் மிஷினைக் குளிர்காற்றில் வைத்து அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போடவேண்டும், இல்லையென்றால் தோல் புண்ணாகும். ஈரத்துணியால் துடைத்த முகம், எண்ணெய் வைக்காத தலை. அவளுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். என் கணவர் துறையூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறார். காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். நான் கல்லூரிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி.

"அய்யோ, விழுந்துட்டாளா?"

"இல்லைங்க, பிறவியிலயே."

"பிறவியிலயேவா? வயித்துல இருக்கும்போது பஸ்ல போனியோ?"

ஒரு கட்டத்தில் வாய் வலித்தது. ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கட்டின் வயிற்றுப் பக்கத்தில் எழுதினேன்: 'விழவில்லை. பிறவியிலிருந்தே. சரியாகிவிடும்.' மாலையில் வந்த கணவர் அதைப் படித்துவிட்டு, பேனாவை வாங்கி, அடியில் 'ஆப்பிள் வேண்டாம், நிறைய இருக்கிறது' என்று சேர்த்தார். பல நாளுக்குப் பிறகு அன்று இருவரும் சிரித்தோம்.

அந்த நிலையில்தான் ஸ்டாண்டு உருண்டு வந்தது.

பரண் மேலிருந்து என் கல்லூரி நாள் ட்ராயிங் போர்டை இறக்கினேன். குண்டூசிக் குத்தல்கள் அப்படியே இருந்தன. சிலிண்டர் ஸ்டாண்டு ஒன்று எங்களுடையது, இன்னொன்று மாமியிடம் கேட்டு வாங்கியது. இரண்டையும் போர்டுக்கு அடியில் கம்பியால் இறுக்கி, மேலே பழைய போர்வையை நாலாக மடித்து வைத்து ஆணி அடித்தேன்.

"வண்டியா கட்டுற?" என்றார் கணவர்.

"ஆமாங்க."

"டாக்டர்ட்ட கேட்டியா?"

"குப்புறப் படுக்கலாம்னு சொன்னாரில்ல? பாய்ல படுத்தா என்ன, பலகைல படுத்தா என்ன?"

"பாய் ஓடாதும்மா."

அவளைப் பலகையில் குப்புறக் கிடத்தினேன். இரண்டு கைகளும் தரையைத் தொட்டன. முதல் தள்ளில் பின்னால் போனாள். பயந்து அழப்போகிறாள் என்று நான் பாய்ந்தேன், அவள் சிரித்தாள். மறுநாளே திரும்பக் கற்றுக்கொண்டாள். ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து படுக்கையறை. நான் வெங்காயம் நறுக்கும் இடத்துக்கு அவளாகவே வந்து தலையைத் தூக்கி, "என்ன?" என்பாள். அந்த 'என்ன'வைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! நான்கு வாரமாக உலகம் அவளிடம் வந்துகொண்டிருந்தது. இப்போது அவள் உலகத்திடம் போனாள்.

இது எல்லாருக்கும் தெரிய வேண்டாமா? போனை எடுத்தேன்.

அவள் வேகமாக வந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டே, "வா வா வா" என்று கூப்பிட்டுப் படம் எடுத்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அங்கே தரை அரை விரல் அளவு இறங்கும். நான் அதைத் தாண்டிவிட்டேன், கவனிக்கவில்லை. முன் ஸ்டாண்டு பள்ளத்தில் இறங்கியது, போர்டு சாய்ந்தது, அவள் பக்கவாட்டில் சரிந்தாள். மாவுக்கட்டு தரையில் மோதிய அந்தச் சத்தம், மண்பானை இடிபடுகிற மாதிரி. என் இரண்டு கையிலும் போன் இருந்தது.

தொடைப்பக்கத்தில் கட்டு விரிசல் விட்டிருந்தது. மாமி ஓடிவந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். புத்தூர் போய்ச் சேரும்வரை கணவருக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்வேன்? எக்ஸ்ரே அறைக்கு வெளியே மரபெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது. அடுத்தடுத்து, கண்ணில் நீர் வரும்வரை கொட்டாவி. மகளுக்கு எலும்பு நழுவியதா என்று தெரியவேண்டிய நேரத்தில் ஒரு தாய் கொட்டாவி விடுவாளா என்று எதிரில் இருந்த அம்மாள் பார்த்தார். களைப்புக்கு நேரம் காலம் தெரியாது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "பந்து அதே இடத்துலதான் இருக்கு," என்றார். விரிசலுக்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். எப்படி நடந்தது என்று கேட்டார். வீடியோவைக் காட்டினேன். வேறு என்ன செய்ய? இந்தத் தடவையும் மூன்று முறை பார்த்தார்.

"கதவுகிட்ட ஒரு கட்டை வைங்க. பாப்பாவுக்கு ஒரு பெல்ட் போடுங்க," என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தபடி, "இத கொஞ்ச நாள் உள்ள வச்சிருங்கம்மா."

அதன்பிறகுதான் கணவருக்குப் போன் செய்தேன். வந்தார், விரிசல் விட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார், பால்கனிக் கதவின் குறுக்கே பூரிக்கட்டையை வைத்துக் கயிற்றால் கட்டினார். பிறகு தன் பெல்ட்டைக் கழற்றிப் போர்டில் பொருத்தினார். மறுநாள் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆறாவது வாரத்தில் மயக்கம் கொடுத்துக் கட்டை மாற்றினார்கள். வண்டி அதற்குப் பிறகும் ஓடியது. பன்னிரண்டாவது வாரம், கட்டு பிரிக்கும் நாள் வந்தது. அந்த ரம்பத்தின் சத்தத்துக்கு அவள் கத்தியதைவிட அதிகமாக நான் கத்தியிருப்பேன். கட்டு இரண்டாகப் பிளந்து வந்ததும் உள்ளேயிருந்து என்னென்னவோ விழுந்தன. ஒரு முறுக்குத் துண்டு. இரண்டு வேர்க்கடலை. ஒரு மஞ்சள் கிரேயான். அப்புறம் விரல் நீளத்தில் ஒரு ஈர்க்கு.

"இது எப்படிப் போச்சு?" என்றேன். அரிக்கிறது என்று எதையும் உள்ளே விடக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்திருந்தேன்.

கணவர் விளக்குமாற்றையே பார்க்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "அழுதாளே..." என்றார் மெதுவாக. "லேசாத்தான் சொறிஞ்சேன். ஒடஞ்சிருச்சு."

விரிசல் என் பேரில், ஈர்க்கு அவர் பேரில்.

இனிமேல் ஓடுவாள் என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள் போல. உரிந்த தோலும் மெலிந்த காலுமாக, கட்டில்லாத உடம்பைக் கண்டு அவளே மிரண்டாள். காலைத் தொட்டால் அலறினாள். "கட்டு போடு, கட்டு போடு" என்று கேட்டாள். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அவளாத்தான் நிப்பா," என்றார் டாக்டர். ஒன்றும் பண்ணாமல் இருப்பதற்கு எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. வெந்நீர்த் தொட்டியில் நிற்க வைத்துப் பார்த்தேன். பலூனை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கொள்ளிடத்து மணலுக்குக் கூட்டிப்போனேன்; மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "வண்டி?" என்றாள். ஒவ்வொரு முறையும் நான் கை நீட்டி "வா" என்று சொல்லும்போது அவள் முகம் மூடிக்கொள்கிறது. பால்கனியில் நான் சொன்ன அதே 'வா' என்று அவளுக்கு ஞாபகம் இருக்குமோ? தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்தாலும் ஆட்டம் முழுதாகப் போய்விட்டதா என்று சொல்ல ஒரு வருடமாவது பார்க்க வேண்டுமாம். அதுவரை அவ்வப்போது எக்ஸ்ரே. சரி, அது பிறகு. முதலில் நிற்க வேண்டும்.

இன்று பிற்பகல் நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து மாதுளம்பழம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முதுகைக் காட்டி, பக்கச் சுவரில் தோளைச் சாய்த்து, கண் சொக்கிப்போன நிலையில். எதிரே எவர்சில்வர் குடம். அதன் வயிற்றில் வளைந்து நெளிந்து ஒரு சின்ன உருவம் தெரிந்தது. போர்டிலிருந்து நழுவி, என் பக்கத்துக் குட்டி முக்காலியைப் பிடித்து, அதன் மேலிருந்த கிண்ணத்தில் எத்தனை முத்து இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறது. இரண்டு காலும் தரையில். என்னையறியாமல் திரும்பிவிட்டேன். உடனே உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்குப் போன் பீரோவுக்குள் போகும். போர்டு ஹால் மூலையில். முக்காலியை இன்னும் நாலு டைல்ஸ் தள்ளி வைப்பேன், அதன் மேல் கிண்ணம். இரண்டாவது மாதுளம்பழமும் இருக்கிறது, மெதுவாக உதிர்க்கலாம். குடத்தை இன்றைக்கே சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டேன். அதில் எது தெரிந்தாலும் திரும்பக் கூடாது.